நந்தன் ஒருத்தன் இல்லை

நந்தன் என்றதும் சிதம்பரம் போக ஏங்கி, ஆண்டையிடம் கெஞ்சி, கடைசியில் நெருப்பில் இறங்கின ஒரு ஆள்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருகிறது. பேர் ஒன்று என்பதால் ஆளும் ஒன்று என்று வைத்துக்கொண்டே விமர்சனமும் எழுதுகிறார்கள். நான் படித்தவரைக்கும் இந்தப் பேரில் நாலைந்து பேர் உண்டு. அதில் ஒருத்தனைக் காட்டி மற்றவர்களை மறைத்துவிட்டார்கள்.

சேக்கிழாரின் நந்தனாருக்கு ஆண்டையே கிடையாது. ஆதனூர்ப் புலைப்பாடியில் ஊரார் விட்ட மானியத்தில் சாப்பிடுகிறார். கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுக்கிறார். தோலும் நரம்பும் உள்ளே போகலாம், கொடுத்தவர் போகக்கூடாது. போகவேண்டுமென்றால் தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்து வரவேண்டும். சேரி உடம்பு எரிந்த பிறகுதான் தரிசனம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதி கொண்டுவந்த நந்தன் வேறு ஆள். அவன் பண்ணையாள். வேதிய ஆண்டை என்ற பாத்திரமே பாரதி சேர்த்ததுதான். பெரியபுராணத்தில் இல்லாத கதை என்று மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாற்றுகவி கொடுக்கத் தயங்கினார். இரண்டும் வேறு வேறு நந்தன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது! பாரதி தஞ்சாவூர்ப் பண்ணை அடிமைத்தனத்தைக் கண்ணால் பார்த்தவர், அதை மறுக்கவில்லை. ஆனால் நாற்பது வேலியும் ஒரே ராத்திரியில் சிவன் அருளால் விளைந்துவிடுகிறது. அப்படியானால் நட்டவள், அறுத்தவன், களத்தில் போரடித்தவன் எல்லாரும் எங்கே போனார்கள்? உழைப்பை அற்புதமாக்கினால் கூலி பற்றிப் பேச வேண்டியதில்லை. அதே தஞ்சை மாவட்டத்துக் கீழவெண்மணியில் 1968-இல் கூலி கேட்டவர்களில் 44 பேரை எரித்தபோது எந்தச் சாமியும் ஆளை வெளியே கொண்டுவரவில்லை.

புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ எழுதினார். சேரிக் கிழவன், அவன் மகன், அக்கிரகாரத்துப் பையன், மூணு பேரும் ரயிலில் அடிபட்டுச் சாகிறார்கள். இதில் யார் நந்தன் என்ற கேள்வியோடு கதை முடிகிறது. நல்ல கதைதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. நிலத்தைப் பங்குபோடாதவர்கள் நந்தன் என்ற பேரை மட்டும் எங்களோடு பங்குபோட வருகிறார்கள்.

அயோத்திதாசப் பண்டிதரின் (1845–1914) நந்தன் ராஜா. ‘இந்திரர் தேச சரித்திர’த்தில் பௌத்த அரசனாக வருகிறான், வஞ்சகத்தால் கொல்லப்படுகிறான். காத்தவராயன் என்ற தன் பேரை விட்டு ஆசிரியரின் பேரை எடுத்துக்கொண்டவர் பண்டிதர். பேருக்குள் என்ன வைக்கலாம், எதை எடுக்கலாம் என்று அறிந்தவர். இந்த ராஜாவுக்குக் கல்வெட்டு உண்டா என்று கேட்கிறார்கள். நாற்பது வேலி விளைந்ததற்குக் கல்வெட்டு கேட்டார்களா? என்னைக் கேட்டால் இரண்டும் புனைவாகவே இருக்கட்டும். ஒன்றில் சேரிக்காரன் உள்ளே விடச்சொல்லி வாசலில் நிற்கிறான். இன்னொன்றில் நாடே அவனுடையது, பறிகொடுத்திருக்கிறான். எந்தப் புனைவு பள்ளிக்கூடத்துக்கும் சினிமாவுக்கும் போனது என்பதுதான் விஷயம்.

எங்க தெருவில் காத்தவராயன் உண்டு, மதுரைவீரன் உண்டு. இரண்டு பேருமே கதையில் கொல்லப்பட்டவர்கள்தான். நந்தன் என்று ஒரு பிள்ளைகூட இல்லை. பெரியம்மாவிடம் கேட்டேன். “நெருப்புல போனவம் பேரு நமக்கு எதுக்குடா?” என்றது. அதற்குத் தெரிந்தது தண்டபாணி தேசிகர் நடித்த 1942-ஆம் வருசத்துப் படம். ராஜா நந்தனைப் பற்றி அதனிடம் யாரும் சொன்னதில்லை.