புளியின் சுவையும் மரத்தின் நிழலும்: இரு தமிழ் நாவல்களில் மாற்றம்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் செல்லும் சாலையில் பயணம் செய்வோர், ஏரிக்கரையையும் தொழிற்சாலை மதிலையும் மாறி மாறிக் காண்பர். இராமாநுசர் பிறந்த தலம் என்றும், ஏரிப்பாசனத்தால் நெல் விளையும் நாடு என்றும் நெடுங்காலம் அறியப்பட்ட பகுதி இது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைபேசி ஆலை வந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. ஏர் பிடித்தவரின் மக்கள் ஒரே தலைமுறைக்குள் கழுத்தில் அடையாள அட்டையுடன் ஷிப்டுப் பேருந்துக்குக் காத்து நிற்பவர் ஆயினர்.

இத்தகைய மாற்றத்தைக் குறித்து நம் பிரசங்க பீடங்களிலிருந்து பெரும்பாலும் இரு குரல்களே எழுகின்றன. ஒன்று, வேலை கிடைத்ததற்காக நன்றி செலுத்தும் குரல். மற்றொன்று, பழைய கிராமத்தை எண்ணிப் புலம்பும் குரல். மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது, அதற்கு யார் பொறுப்பு, அதன் விலையைச் செலுத்துவோர் யார் என்னும் வினாக்களை இவ்விரண்டும் எழுப்புவதில்லை. அவ்வாறு வினவக் கற்பதற்கு இரு நாவல்கள் நமக்கு உதவக்கூடும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' 1966இலும், சா. கந்தசாமியின் 'சாயாவனம்' 1969இலும் நூல்வடிவம் பெற்றன. முன்னதன் களம் நாகர்கோவிலை நினைவூட்டும் ஒரு நகரம். பின்னதன் களம் காவிரி நாட்டுச் சிற்றூர். நாம் மேலே கண்ட தொழிற்பகுதி தோன்றுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே எழுதப்பட்டவையாயினும், அதனைப் புரிந்துகொள்ள இவை துணைசெய்கின்றன. இரண்டிலும் புளியமரம் அழிகிறது என்பது ஒப்பீட்டிற்கு வாய்ப்பான தொடக்கமாகும்.

செய்தவனின் கதை

கடல் கடந்து பொருளீட்டித் திரும்பும் சிதம்பரம், சாயாவனத்தில் அடர்ந்த தோட்டமொன்றை வாங்கி, அதனை அழித்துக் கரும்பாலை அமைக்க முற்படுகிறான். உள்ளூரில் அவனுக்குத் துணைநிற்பவர் சிவனாண்டித் தேவர். நாவலின் பெரும்பகுதி உழைப்பைப் பற்றியது. கொடிகளை அறுத்தல், முள்ளை விலக்கி வழி காணுதல், மரங்களை வீழ்த்துதல், இறுதியில் தீயிடுதல் என அது நிதானமாக நகர்கிறது. ஆசிரியர் சிதம்பரத்தைக் கொடியவனாகக் காட்டவில்லை. அவன் விடாமுயற்சியுள்ளவன், எடுத்த செயலில் கருத்தூன்றி நிற்பவன். அதனாலேயே வாசகனும் அவனோடு சேர்ந்து வனத்திற்குள் நுழைகிறான். பணி நிறைவேற வேண்டுமென்று தானும் விரும்புகிறான். தீ மூண்டு பறவைகளும் விலங்குகளும் சிக்கித் தவிக்கும்போதுதான், அந்த விருப்பத்தில் தனக்கும் பங்குண்டு என்பது அவனுக்கு உறைக்கிறது. ஆசிரியர் தீர்ப்புக் கூறாதிருப்பதன் பயன் இதுவே.

ஆலை எழுகிறது. ஆனால் ஊரார் வழிவழியாகப் பயன்படுத்திவந்த புளி அந்த வனத்தோடு போய்விட்டது. வெளியிலிருந்து வந்த புளி நாவுக்கு ஒவ்வவில்லை. ஒரு முதியவள் இக்குறையைச் சிதம்பரத்திடமே எடுத்துக் கூறுகிறாள். வனத்தின் இழப்பு இங்கே தத்துவமாகப் பேசப்படாமல் குழம்புச் சட்டியின் வழியாகப் பேசப்படுகிறது. தடைகள் அனைத்தையும் வென்ற சிதம்பரத்தால் இதற்கு மட்டும் ஈடு செய்ய இயலவில்லை. புளியின் அளவை அவன் நிரப்பலாம். சுவையைத் திருப்பித் தர அவனால் ஆகாது.

பார்த்திருந்தோரின் கதை

சுந்தர ராமசாமியின் நாவல் பேச்சினால் ஆனது. தாமோதர ஆசான் கதை சொல்ல, இளைஞர்கள் சூழ்ந்திருந்து கேட்கின்றனர். ஒரு காலத்தில் புளியமரத்தைச் சூழ்ந்திருந்த குளம் தூர்க்கப்படுகிறது. காற்றாடித் தோப்பு அழிக்கப்பட்டுப் பூங்கா உருவாகிறது. ஓங்கிய மரங்களை வீழ்த்திவிட்டுச் செடிகளை நடும் வேடிக்கையை ஆசிரியர் நகைப்போடு காட்டுகிறார். மன்னராட்சி மறைந்து நகராட்சி அரசியல் தலையெடுக்கிறது. கடைக்காரர்களின் போட்டி, செய்தித்தாள், தேர்தல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக மரத்தைச் சூழ்கின்றன. மரமோ யாருக்கும் எத்தீங்கும் செய்யாமல் நிற்கிறது. அதனை வெட்ட முனைவோருக்கும் காக்க முனைவோருக்கும் உள்நோக்கங்கள் உண்டு. நேற்றுவரை நிழலாக மட்டும் இருந்த மரம், வழக்கு முற்றியபின் வழிபாட்டுக்குரியதாகிறது. முடிவில் கூலிக்கு அமர்த்தப்பட்ட ஒருவன் கையால் நஞ்சூட்டப்பட்டுப் பட்டுப்போகிறது.

இம்மாற்றத்திற்குத் திட்டம் தீட்டிய தலைவன் இல்லை. கடையின் ஆதாயம், வாக்கு, கௌரவம் எனச் சிறு சிறு நலன்கள் கூடி ஒரு மரத்தை மாய்க்கின்றன. சமயப் பற்றும் இங்கே ஒரு கருவியாகிவிடுகிறது என்பதை, சமயப் பணியாற்றும் நாம் கூச்சத்துடனேனும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

பொறுப்பின் வாசல்

இரு நாவல்களுக்கும் உள்ள தலையாய வேறுபாடு இதிலிருந்து புலப்படும். 'சாயாவன'த்தில் செயலுக்கு ஒரு கர்த்தா உண்டு. முதியவள் சென்று முறையிட ஒரு வாசல் இருக்கிறது. புளியமரத்தின் கதையில் அத்தகைய வாசல் இல்லை. அனைவரும் சிறிது பொறுப்புடையோர். ஆதலின் எவரும் பொறுப்பேற்பதில்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் தோற்றம் 'சாயாவன'த்தை ஒத்தது. அதன் நடைமுறையோ புளியமரத்தின் கதையை ஒத்தது. நிலத்தைக் கையகப்படுத்துவது ஓர் அமைப்பு. ஆலையை நடத்துவது மற்றொன்று. ஆட்களைத் தருபவர் ஓர் ஒப்பந்தக்காரர். விடுதியை நடத்துபவர் வேறொருவர். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் பலர் விடுதி உணவால் நோயுற்றபோது, சக தொழிலாளர் நெடுஞ்சாலையில் அமர்ந்து மறியல் செய்தனர். முறையிட வாசல் அறியாதவர்க்குச் சாலையே வாசலாயிற்று. 2014 நவம்பர் முதல் நாள் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது வரி வழக்கு, நிறுவனக் கைம்மாற்றம் எனக் காரணங்கள் பல கூறப்பட்டன. வேலையிழந்தோருக்கு அவற்றுள் எதுவும் விடையாகவில்லை. 2024இல் சாம்சங் தொழிலாளர் ஒரு மாதத்திற்கு மேல் வேலைநிறுத்தம் செய்து வேண்டியவற்றுள் முதன்மையானது, தங்கள் சங்கத்திற்கு அங்கீகாரம். அதனையும் ஒரு வாசலைத் தேடிய முயற்சி எனக் கொள்ளலாம்.

ஆகவே, நம் காலத்தின் இயல்பை மெய்யாக உணர்த்துவது சுந்தர ராமசாமியின் நாவல் என்பது என் துணிபு. எனினும் நம் காலத்திற்குத் தேவையானவள் கந்தசாமியின் முதியவளே. செய்தவனின் முகத்தை நோக்கி, இழந்தது இன்னதென்று அவள் பெயர் சொல்லிக் கூறுகிறாள்.

கேட்கப்படாத குரல்

இரு நாவல்களுக்கும் ஓர் எல்லை உண்டு. சாயாவனத்தில் கூலியாட்கள் வெட்டுகின்றனர். அவர்தம் உள்ளம் நமக்குத் திறக்கப்படுவதில்லை. புளியமரத்திற்கு நஞ்சிட்ட கூலிக்காரனை நாம் வெறுக்கிறோம். அவனது பசி நம் கருத்தில் நிற்பதில்லை. நிழலைத் துய்த்தவர்களின் நினைவிலிருந்தே இரு கதைகளும் பிறக்கின்றன.

நிலமற்றோர் குடும்பங்களில், ஊரின் புறத்தே வைக்கப்பட்டோர் குடும்பங்களில், ஆலைச் சம்பளம் பண்ணையின் கையை எதிர்பாராத முதல் வருமானமாக வந்ததுண்டு. பழைய புளி இனித்தது என்று அவர்களிடம் உபதேசிப்பது நேர்மையன்று. அதேபோல், பரந்தூர் விமான நிலையத் திட்டத்தால் நிலமும் ஏரியும் இழக்க நேரிடும் என்று 2022 முதல் போராடிய ஏகனாபுரம் மக்களிடம், வளர்ச்சிக்காக நன்றி செலுத்துங்கள் என்பதும் நேர்மையன்று. அவர்களைக் காணும்போது நாபோத்தின் திராட்சத்தோட்டம் நம் நினைவுக்கு வருவது இயல்பு. முன்னோரின் சுதந்தரத்தை விற்க மறுத்தவன் அவன். ஆனால் அத்தோட்டத்தில் கூலிக்கு உழைத்தவர் யார் என்பதை அவ்வேதபகுதி கூறவில்லை. இவ்விரு வினாக்களையும் ஒருங்கே தாங்கத் தெரிந்தவரே இப்பகுதியில் போதகராக இருக்கத் தகுதியுடையவர்.

அந்தக் கூலிக்காரனின் கண்வழியே, அல்லது விடுதி அறையில் இரவு ஷிப்டு முடிந்து உறங்கும் பெண்ணின் கண்வழியே, இம்மாற்றத்தைச் சொல்லும் நாவல் வேறாக இருக்கும். அதற்கான கதைகள் நம் சபைகளில் ஞாயிறுதோறும் வந்து அமர்கின்றன. இறையியல் மாணவர்கள் இவ்விரு நாவல்களையும் அருகருகே வைத்து வாசிப்பார்களாக. அதன்பின், பிரசங்கம் ஆயத்தம் செய்யுமுன், அவ்வாரம் வேலையிழந்த ஒருவரிடமும் வேலை பெற்ற ஒருவரிடமும் சென்று, தாம் பேசாது கேட்டிருப்பார்களாக.