மருத்துவருக்கும் தூக்கம் வேண்டும்

இரவு முழுக்க டியூட்டி பார்த்த முதுநிலை மாணவர் காலையில் வீட்டுக்குப் போவதில்லை. ரவுண்ட்ஸில் நிற்கிறார், ஓ.பி. பார்க்கிறார், மாலையில் டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுகிறார். 36 மணி நேர டியூட்டி நம் மருத்துவக் கல்லூரிகளில் யாரையும் அதிர வைப்பதில்லை. "நாங்களும் இப்படித்தான் படித்து வந்தோம்" என்பார்கள் மூத்தவர்கள். அவர்கள் பட்ட பாட்டை மதிக்கிறேன். ஆனால் அது அடுத்த தலைமுறையையும் வதைப்பதற்கான நியாயமாகாது.

மருத்துவர்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டும் முயற்சிக்கு வித்திட்டது நியூயார்க்கில் நடந்த ஒரு மரணம். 1984இல் பத்திரிகையாளர் ஒருவரின் 18 வயது மகள், மருத்துவமனையில் சேர்த்த சில மணி நேரத்தில் இறந்துபோனார். அவர் எடுத்துவந்த மனச்சோர்வு மாத்திரையோடு சேரக் கூடாத வலிமருந்து அங்கே தரப்பட்டிருந்தது. கவனித்துக்கொண்டவர்கள், ஏகப்பட்ட நோயாளிகளை ஒரே இரவில் பார்த்த பயிற்சி மருத்துவர்கள். தந்தை விடாமல் போராடினார். 1989இல் நியூயார்க் மாநிலம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்று வரம்பு விதித்தது. 2003இல் அமெரிக்கா முழுவதும் அந்த வரம்பு வந்தது.

பலன் இருந்ததா? 2004இல் பாஸ்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், பழைய நீண்ட டியூட்டியில் இருந்த பயிற்சி மருத்துவர்கள், நேரம் குறைக்கப்பட்டபோது செய்ததைவிடச் சுமார் 36 சதவீதம் அதிகமாகக் கடும் பிழைகள் செய்திருந்தார்கள். ஓய்வு மருத்துவருக்குக் காட்டும் சலுகை என்று பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் படிக்க வேண்டும். அந்தப் பிழைகள் விழுவது நோயாளியின் உடம்பில்.

ஆனாலும் நேர வரம்பை முழுவதுமாகப் புகழ முடியாது. 2011இல் அங்கே முதலாண்டுப் பயிற்சியாளர்களுக்கு ஒரே மூச்சில் 16 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்றார்கள். டியூட்டி சுருங்கியதும் நோயாளி கைமாறுவது கூடியது. மாலை வயிற்றுவலியோடு வந்தவரை அனுமதித்தவர் ஒருவர், இரவில் அறுவை சிகிச்சையில் நின்றவர் வேறொருவர். ஒரு நோய் எப்படிப் போகிறது என்பதைத் தொடர்ந்து பார்க்கும் பாடம் இங்கே அறுந்துபோகிறது. பிறகு நடந்த பெரிய ஆய்வுகளில், நீண்ட டியூட்டியை அனுமதித்த இடங்களில் நோயாளிகளின் இறப்பு கூடவில்லை என்று தெரிந்தது. 2017இல் 16 மணி வரம்பைக் கைவிட்டார்கள்.

இந்த முடிவை இங்கே எடுத்துக்காட்டி வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். அந்த ஆய்வுகளில் எந்தப் பிரிவுக்கும் வாரத்துக்கு 80 மணி என்ற உச்சவரம்பு தளரவில்லை. 100 மணி நேர வாரத்துக்கு அதில் எந்த ஆதரவும் கிடையாது.

கைமாறும் சிக்கலுக்கும் வழி இருக்கிறது. "நாலாம் பெட்டுக்குப் பொட்டாசியம் ரிப்போர்ட் வரணும், பார்த்துக்கோங்க" என்று வராந்தாவில் சொல்லிவிட்டு ஓடுவதுதான் பல இடங்களில் ஒப்படைப்பு. அந்த ரிப்போர்ட்டை யாரும் பார்க்காமல் விட்டால் இதயத்துடிப்பே தடுமாறலாம். நோயின் தீவிரம், செய்ய வேண்டியவை, எதிர்பார்க்கும் ஆபத்து என்று ஒழுங்காகச் சொல்லி ஒப்படைக்கப் பயிற்சி தந்து, ஒன்பது மருத்துவமனைகளில் பார்த்த ஆய்வு 2014இல் வெளியானது. தவிர்க்கக்கூடிய பாதிப்புகள் அங்கே 30 சதவீதம் குறைந்திருந்தன.

இந்தியாவில் விதிக்குப் பஞ்சமில்லை. வாரத்துக்கு 48 மணி, தொடர்ச்சியாக 12 மணிக்கு மிகாமல் என்று 1992லேயே மத்திய அரசு உத்தரவு போட்டுவிட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 74 மணியும் வாரம் ஒரு விடுப்பும் பரிந்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கொல்கத்தாவில், நீண்ட டியூட்டிக்கு நடுவே கருத்தரங்க அறையில் கண்ணயர்ந்த இளம் மருத்துவர் கொல்லப்பட்டார். ஓய்வெடுக்கப் பாதுகாப்பான ஓர் அறைகூட அவருக்கு இல்லை.

இதற்கு நடுவில் கல்லூரிகள் யோகா வகுப்பும் மனஉறுதிப் பயிலரங்கும் நடத்துகின்றன. அவற்றில் தவறில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' எனும் இந்தச் சோர்வை விளக்கும்போது வேலையிட அழுத்தத்தோடுதான் அதைச் சேர்த்தது. தூங்காதவருக்கு மூச்சுப்பயிற்சி சொல்லித் தந்து மீண்டும் வார்டுக்கு அனுப்புவது, குறையை அவர் தலையில் கட்டுவதாகும். ஆள் சேர்க்காமல் மணி நேரத்தை மட்டும் குறைத்தாலும், அதே வேலையை விறுவிறுவென்று முடிக்க வேண்டிவரும். அதில் ஓய்வு எங்கே?

கல்லூரிக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஆணையம், கட்டில்களையும் பேராசிரியர்களையும் எண்ணுவதோடு டியூட்டி பட்டியலையும் வாங்கிப் பார்க்கட்டும். பூட்டுள்ள ஓய்வறையும் போதிய ஆட்களும் இல்லாத துறைக்கு முதுநிலை இடங்களைக் கூட்டித் தரக் கூடாது.