நோய் சொல்லத் தெரிந்த கணினி

பவர் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் இருண்டே கிடக்கிறது. சர்வீஸ் கடைகளில் 'டிஸ்ப்ளே வரல' என்று சொல்லும் இந்த ஒரு புகாருக்குள் ராம், பிராசசர், மதர்போர்டு, மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் என நான்கு சந்தேகங்கள் ஒளிந்திருக்கும். உதிரிகளை வாங்கி அசெம்பிள் செய்த கணினி என்றால் ஒவ்வொன்றாகக் கழற்றி வேறொன்றை மாட்டிப் பார்க்க வேண்டியதுதான். அலுவலகங்களுக்கென்றே செய்யப்பட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் அப்படித் தவிக்கவிடாது. அண்மை மாடல்களில் பவர் விளக்கு இரண்டு முறை மஞ்சளாகவும் மூன்று முறை வெள்ளையாகவும் மினுக்கினால், ராம் தென்படவில்லை என்று பொருள். இரண்டும் நான்கும் என்றால் ராம் இருக்கிறது, ஆனால் கெட்டுவிட்டது. மூன்றும் ஒன்றும் என்றால் மதர்போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது.

1981இல் வந்த ஐபிஎம் பிசியே இயங்கத் தொடங்குமுன் தன்னைச் சோதித்துக்கொண்டு, கோளாறு இருந்தால் பீப் ஒலியால் சொல்லும். 1993இல் தொடங்கிய ஆப்டிபிளெக்ஸ் வரிசை அந்த வழக்கத்தை வெகுதூரம் வளர்த்தெடுத்தது. 2000களின் தொடக்கத்து மாடல்களில் ஏ, பி, சி, டி என்று எழுத்திட்ட விளக்குகள் இருந்தன. பின்னால் வந்த பலவற்றில் எஸ்எம்பிஎஸ்ஸின் முதுகில் ஒரு குட்டிப் பொத்தான் வந்தது. மதர்போர்டுக்குப் போகும் ஒயர்களை எல்லாம் பிடுங்கிவிட்டு அதை அழுத்தினால், பக்கத்தில் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் எஸ்எம்பிஎஸ் மேல் பழி இல்லை. மல்டிமீட்டர் இல்லாமல், பத்து நொடியில் கிடைக்கும் தீர்ப்பு இது. இத்தனை சிறிய செலவில் இத்தனை பெரிய உதவி செய்யும் வேறொரு அம்சத்தை நான் கணினியில் கண்டதில்லை.

பெட்டியைத் திறப்பதிலும் அதே அக்கறை தெரிகிறது. பல மாடல்களில் மூடியையும் ஹார்டுடிஸ்க்கையும் ஸ்குரூடிரைவர் இல்லாமலே கழற்றலாம். எங்கே அழுத்த வேண்டும் என்பதை டெல் நீல நிறத்திலும் எச்பி பச்சை நிறத்திலும் காட்டுகின்றன. டெல் பெட்டியில் ஒட்டியிருக்கும் ஏழு எழுத்து சர்வீஸ் டேக்கை நிறுவனத்தின் இணையதளத்தில் கொடுத்தால், அந்தக் கணினி எந்தெந்த உதிரிகளோடு ஆலையிலிருந்து கிளம்பியது என்ற பட்டியல் வருகிறது. பழுது நீக்கும் கையேடும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கிறது.

இவ்வளவையும் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் இது யாருக்காகச் செய்யப்பட்டது என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. ஆயிரம் கணினிகள் ஓடும் அலுவலகம், வாரன்டிக்குள் மறுநாளே வந்து நிற்க வேண்டிய இன்ஜினியர், அவருடைய ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஆகும் செலவு. இந்தக் கணக்கிலிருந்துதான் விளக்குகளும் நீல நிறமும் பிறந்தன. அதனால் விளக்கு சொல்வது நோயின் காரணத்தை அல்ல, எதைக் கழற்றி எறிய வேண்டும் என்பதை மட்டுமே.

இதன் விலை என்ன என்பதை ஜிஎக்ஸ்270 மாடலின் கதை காட்டியது. 2003 முதல் 2005 வரை விற்ற ஆப்டிபிளெக்ஸ்கள் பலவற்றில், மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் தலை வீங்கி ஒழுகின. அதைச் சரிசெய்ய 2005இல் டெல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டியிருந்தது. மதர்போர்டு பழுது என்று காட்டும் விளக்குக்கு, சில ரூபாய் பெறும் கெப்பாசிட்டரைச் சுட்டத் தெரியாது. பழுதான போர்டுக்குப் பதில் கொடுத்த போர்டிலும் அதே குறை இருந்தது என்று பின்னர் அமெரிக்க வழக்கொன்றில் குற்றம்சாட்டப்பட்டது. மூடியைத் திறந்து கண்ணால் பார்த்தவர்களுக்கு வீக்கம் தெரிந்தது. விளக்கை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

என்னை அதைவிட வருத்துவது பிளக். 1995இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் முறையால் எந்தக் கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸையும் எந்தக் கம்பெனி போர்டிலும் மாட்ட முடிகிறது. இன்று அந்த பிளக்குக்கு 24 பின்கள். 2013 வாக்கில் வந்த ஆப்டிபிளெக்ஸ் 9020இல் 8 பின்களே இருந்தன. அதே காலத்து எச்பியில் 6, லெனோவோவில் 14. எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் மட்டும் தந்தால் போதும், மற்றதைப் போர்டே பிரித்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் நல்லதுதான், மின்சாரம் மிச்சமாகும். 2020இல் இன்டெல்லே அதைப் பொது முறையாக, 10 பின்களோடு வெளியிட்டது. ஆனால் எண்ணம் ஒன்றாக இருக்க, பிளக் மட்டும் ஏன் கம்பெனிக்கு ஒன்று? பிராசசரிலும் இதே கதைதான். லெனோவோவின் சில மாடல்களில் ஏஎம்டி ரைசன் புரோ பிராசசர் ஒருமுறை போர்டோடு பிணைந்துவிட்டால், வேறு கம்பெனியின் போர்டில் ஓடாது. பாதுகாப்புக்காக என்கிறார்கள். தீய நிரலைத் தடுக்கும் அதே பூட்டு, நல்ல பிராசசரையும் குப்பைக்கு அனுப்புகிறது.

தொலைவிலிருந்தே நோய் பார்க்கும் வசதியிலும் எச்சரிக்கை வேண்டும். இன்டெல்லின் ஆக்டிவ் மேனேஜ்மென்ட் டெக்னாலஜி (AMT) வசதியால், விண்டோஸே எழாத கணினியையும் வேறு ஊரிலிருந்து சரிபார்க்கலாம். அதில் கடவுச்சொல்லுக்கான விடையை வெறுமையாக அனுப்பினாலே உள்ளே விட்டுவிடும் ஓட்டை இருந்தது 2017இல்தான் வெளியே தெரிந்தது.

அலுவலகம் மூன்று, நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் இந்தக் கணினிகள் அதோடு சாவதில்லை. சென்னை ரிச்சி தெருவில் இவை செகண்ட்ஹேண்டாக அடுக்கி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். ஒரு சிறு பள்ளிக்கோ, வீட்டிலிருந்து படிக்கும் பிள்ளைக்கோ, புதிய மலிவுக் கணினியைவிட இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஆனால் வாரன்டி முடிந்த அந்த இரண்டாவது வாழ்க்கையில், பின்பக்கப் பொத்தானை அழுத்திப் பச்சை விளக்கு எரியாமல் போனால், பக்கத்துக் கடையில் இருக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் அப்படியே பொருந்தாது. அடாப்டர் தேட வேண்டும், அல்லது இன்னொரு செத்த ஆப்டிபிளெக்ஸிலிருந்து ஒன்றைக் கழற்ற வேண்டும். விளக்கு வைக்க யோசித்த அதே பொறியாளர்கள், அந்த பிளக்கையும் பொதுவானதாக வைத்திருக்கலாம்.