மேடையில் தேங்கும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இடியாப்பம் ஒன்றுக்காகவே இந்த ஸ்டீம் ஓவனை நான் விடமாட்டேன். மேல்தட்டும் அடித்தட்டும் ஒரே பக்குவத்தில் வேகின்றன. கொள்ளளவு, வாட், புரோகிராம் எல்லாம் அட்டைப்பெட்டியிலேயே இருப்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். பெட்டியில் போடாத விஷயம் ஒழுகல். சில மாதம் புழங்கியதும் சமையல் மேடையில் தண்ணீர் தேங்க ஆரம்பித்தது. பாண்டியிலிருந்து வந்த சர்வீஸ்காரர் கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "டேங்கையே மாத்திடுங்க சார்" என்றார். ஓவனை ஓடவிட்டுப் பார்க்கவே இல்லை. எந்த வழியாகத் தண்ணீர் வருகிறது என்று தெரியாமல் எதை மாற்றி என்ன பயன்?

வருவது இரண்டு வகைத் தண்ணீர். டேங்கிலிருந்து நேராகக் கசிவது ஒன்று. ஆவியாகிப் போய், குளிர்ந்து திரும்புவது இன்னொன்று. ஒரு லிட்டர் தண்ணீர் முழுக்கக் கொதித்தால் 1,600 லிட்டருக்கும் மேல் ஆவியாகும். அது கதவுக் கண்ணாடியில் பட்டதும் மறுபடி தண்ணீராகி வழியும். அதைப் பிடிக்கவே கதவுக்குக் கீழே சின்ன வாய்க்கால் ஒன்று வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் நிறைந்தாலோ, அதில் சோற்றுப் பருக்கை அடைத்தாலோ தண்ணீர் மேடைக்கு வந்துவிடும். அது பழுதே அல்ல; துடைத்துவிட்டால் போதும்.

இரண்டையும் பிரித்தறிய திருவாண்டார்கோயிலில் எங்கள் வீட்டு போர் தண்ணீரே உதவியது. ஒழுகுவதைச் சுத்தமான கரண்டியில் பிடித்து, கருப்புக் கடப்பா கல்லில் ஒரு சொட்டு விடுங்கள். பக்கத்திலேயே டேங்க் தண்ணீரிலும் ஒரு சொட்டு. மின்விசிறியைப் போட்டுக் காயவிடுங்கள். டேங்க் தண்ணீர் ஓரம் தடித்த வெள்ளை வட்டமாகக் காயும். தண்ணீரில் உள்ள உப்புகள் ஆவியோடு போவதில்லை என்பதால் ஆவி குளிர்ந்த நீர் தடமில்லாமல் காயும். மிஞ்சினால் மாவின் மங்கலான பிசுக்கு இருக்கும், அவ்வளவுதான். எங்கள் மேடைத் தண்ணீர் வெள்ளை வட்டம் போட்டது. ஆக, கசிவது டேங்க் பக்கம்தான்.

டேங்கை நிரப்பி, பழைய செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வைத்தோம். தாள் நனையவில்லை. அப்படியானால் டேங்கில் விரிசல் இல்லை. ஓவனுக்குள் செருகிய பிறகுதான் ஒழுகுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. டேங்க் மூக்கைச் சுற்றி இருக்கும் கருப்பு ரப்பர் வளையத்தில் நொய் போல வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினால் நறநறவென்றது. உப்புப் படிவம். எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டதும் குமிழ் விட்டுக் கரைந்தது. கரைந்த இடத்தில், அந்தப் பொடி அறுத்த முடியளவு கீறல் ஒன்று. மேடையை நனைத்த தண்ணீரெல்லாம் அந்தக் கீறல் வழியாக வந்ததுதான்.

அந்த வளையம் மட்டும் தனியாகக் கிடைக்காதாம். முழு டேங்காகத்தான் வாங்க வேண்டுமாம். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பக்கத்துத் திருபுவனையில் வேர்ல்பூல் வாஷிங் மெஷின் தொழிற்சாலை இருக்கிறது (என் ஓவன் வேறு கம்பெனி). வால்வு, பம்ப், ரப்பர் என்றால் கையில் எடுத்துப் பார்த்தே குறை சொல்லக்கூடியவர்கள் உள்ள வட்டாரம் இது. இங்கே ஒரு வளையத்தைக் கழற்றி மாட்ட யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் மோட்டார் கடை வளையத்தைச் சமையல் தண்ணீர் படும் இடத்தில் போட எனக்கு மனம் வரவில்லை. சூடும் தாங்க வேண்டும், உணவுக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். கடைசியில் முழு டேங்கையே வாங்கினேன். ஒழுகல் நின்றது. சர்வீஸ்காரர் சொன்னதும் அதே டேங்கைத்தான். ஆனால் காரணத்தை அவர் சொல்லவில்லை. காரணம் தெரியாமல் மாற்றியிருந்தால் புது வளையத்தையும் அதே உப்பு அறுத்திருக்கும்.

சமைக்கும்போதே கதவோரம் ஆவி சீறினால் கேஸ்கட்டைப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளைக் கதவில் வைத்து மூடி இழுங்கள். வழுக்கிக்கொண்டு வரும் இடத்தில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கே காய்ந்த மாவு ஒட்டியிருக்கும். வெந்நீரும் சோப்பும் போதும், எண்ணெய் தடவ வேண்டாம். எப்போதும் முன்பக்கமே வழிகிறது என்றால் கொத்தனாரின் ரசமட்டத்தை ஓவன் மேல் வையுங்கள். ஓவனுக்கு அடியிலோ பின்பக்கத்திலோ ஈரம் தெரிந்தால் மட்டும் கையை வைக்காதீர்கள். உள்ளே ஹோஸோ பாய்லர் இணைப்போ விட்டிருக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.

குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருக்கிறது. வேறு வழியில்லாத ஊருக்கு 600 வரை விடுகிறது. குடிக்கலாம் என்று அனுமதித்த தண்ணீரே ஓவனில் படிவம் கட்டும். நான் இப்போது ஆர்.ஓ. தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் வேண்டாம். தண்ணீரில் மின்சாரம் கடப்பதை வைத்து அளவு பார்க்கும் சென்சார் உள்ள மாடல்களில், நிரம்பிய டேங்கும் காலி என்றே காட்டும்.

சமையலுக்கு இந்த ஓவனுக்கு முழு மதிப்பெண். உதிரிபாக விஷயத்தில் பாதிகூடத் தரமாட்டேன். கடையில் டெமோ காட்டும்போது கேக்கைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். டேங்கை உருவி மூக்கைப் பாருங்கள், கீழ் வாய்க்கால் கழன்று வருகிறதா என்று பாருங்கள். ரப்பர் வளையம் தனியாக என்ன விலை என்று கேளுங்கள். விலை சொல்லத் தெரியாத கடையில் பில் போட வேண்டாம்.