கபிறிஞ்ஞாவும் பொப் இசையும்: ஏ. ஈ. மனோகரன் பற்றிய ஒரு மறுநோக்கு

ஈழத்துத் தமிழரின் கலை வரலாற்றை எழுதுவோர் கூத்துக்கும் நாடகத்துக்கும் கவிதைக்கும் தனித்தனி அத்தியாயங்கள் ஒதுக்குவர். எழுபதுகளில் பட்டிதொட்டியெங்கும் பாடப்பட்ட பொப் இசைக்கு அவர்களிடம் ஒரு பந்தி கிடைத்தாலே பெரிது. கிடைக்கும் பந்தியிலும் ‘மேல்நாட்டு மோகம்’, ‘மலினமான பொழுதுபோக்கு’ என்னும் தொடர்களே விஞ்சி நிற்கும். 2018 ஜனவரி 22 ஆந் திகதி சென்னையில் காலமான ஏ. ஈ. மனோகரன் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’ என்று மக்களால் அழைக்கப்பட்டவர். எனினும், அவரது கலையை ஆய்வுக்குரிய பொருளாக நாம் இன்னும் கொள்ளவில்லை. இப்புறக்கணிப்பின் அடிப்படை யாது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. அதனை மட்டக்களப்பு வாவிக்கரையில் நின்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு.

அறுபதுகளில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை நவீன அரங்குக்குக் கொணர்ந்தார். 1962 இல் மேடையேறிய ‘கர்ணன் போர்’, அதனைத் தொடர்ந்த ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியன வடமோடி, தென்மோடிக் கூத்துகளுக்குக் கல்வியுலகின் அங்கீகாரத்தைப் பெற்றுத்தந்தன. இப்பணியின் முக்கியத்துவத்தை எவரும் மறுக்கார். ஆயின், வாவிக்கரை நமக்கு வழங்கியது கூத்து மட்டுந்தானா?

போர்த்துக்கேயர் மட்டக்களப்பிலே கோட்டை கட்டியது 1628 இல். ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றியது 1638 இல். பத்தாண்டுகளே நிலைத்த அவ்வாட்சியின் பெயரைக் கிரியோல் மொழியாலும் கத்தோலிக்க மதத்தாலும் தாங்கிநின்ற பறங்கியர் சமூகமோ நூற்றாண்டுகள் கடந்தும் அங்கே வாழ்ந்துவருகின்றது. தச்சர், கொல்லர், சப்பாத்துத் தைப்போர், இயந்திரம் திருத்துவோர் எனக் கைத்தொழிலால் சீவித்தோர் அவர்கள். தமிழ்ச் சாதியமைப்பின் படிகளில் எங்கும் சேராது, ஆனால் அதன் அயலிலேயே வாழ்ந்தோர். அவர்களது கலியாண வீடுகளில் வயலினோடும் றபானோடும் முழங்கும் கபிறிஞ்ஞாவே பைலாவின் ஊற்றுகளுள் ஒன்று. ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அத்தாளத்தின் பெயரே போர்த்துக்கேயர் கொணர்ந்த ஆபிரிக்கரை நினைவூட்டுவது. அவர்களது கிரியோல் பாடல்களை கெனத் டேவிட் ஜாக்சன் 1990 இல் நூலாக வெளியிட்டார். நமது தமிழ்த்துறைகள் அப்பாடல்களின் பக்கம் திரும்பவேயில்லை. 2004 டிசம்பர் 26 இன் ஆழிப்பேரலை டச்சுபார்க் கரையில் வாழ்ந்த பறங்கியர் குடும்பங்கள் பலவற்றை அழித்தபோது அவ்விசையை அறிந்தோருள்ளும் சிலரை நாம் இழந்திருத்தல் கூடும்.

ஒன்றைத் தெளிவாக்கல் வேண்டும். மனோகரனின் பைலா வாவிக்கரையிலிருந்து நேரே பெறப்பட்டது என்று நான் வாதிடவில்லை. மேற்குக் கரையோர நகரங்களில் வளர்ந்து, வொலி பஸ்தியான் போன்றோரால் சிங்களப் பாடல் வடிவமாக்கப்பட்ட மரபே அவருக்கு அண்மையானது. ஆனால் பைலாவைத் தமிழ் மண்ணுக்கு அந்நியம் என்று ஒதுக்குவோர், தமிழ் பேசும் மட்டக்களப்பிலே அதன் தாய்வடிவம் முந்நூறாண்டுகளுக்கு மேலாக ஒலித்துவந்ததை எவ்வாறு விளக்குவர்? அவர்களது ‘மண்வாசனை’ என்னும் அளவுகோல் உண்மையில் சாதியும் சமயமும் வகுத்த அளவுகோலே என்று ஐயுறாமல் இருக்க முடியவில்லை.

தமிழ்ப் பொப் இசையின் தோற்றத்தில் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினத்தின் இடம் தலையாயது. விவசாய விஞ்ஞானத்தைத் தொழிலாகக் கொண்ட அவர் தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடினார். ‘சின்ன மாமியே’ என்னும் பாடல் முறைப்பெண்ணைத் தேடும் இளைஞனுக்கும் மாமிக்கும் இடையிலான பேச்சு. காவிய மரபிலோ சினிமாப் பாட்டிலோ இல்லாத வீட்டுவாசல் தமிழ் அதிலே உண்டு. (கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் அவரது மற்றைய பாட்டு, குடித்தவர்களாலேயே மிகுந்த உற்சாகத்துடன் பாடப்பட்டது என்பது வேறு விடயம்.) நித்தி பாட்டை ஆக்குபவர் என்றால் மனோகரன் அதனை நிகழ்த்துபவர். குரலில் நடிகனின் கூறு அவரிடம் மிகுதி. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வெளிவந்த ‘வாடைக்காற்று’ப் படத்தில் அவர் நடித்தமை இயல்பான தொடர்ச்சியே.

அவரைப் புகழின் உச்சிக்கு ஏற்றிய ‘சுராங்கனி’ ஒரு பெண்ணுக்கு மீன் கொண்டுவந்ததைச் சொல்லும் எளிய பாட்டு. சிங்களமும் தமிழும் அதில் ஒரே மூச்சில் வருகின்றன. 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்கும் 1958 இன் வன்செயலுக்கும் பிற்பட்ட நாட்டில், 1972 இன் அரசியலமைப்பு கசப்பை வளர்த்த தசாப்தத்தில், இரு மொழியினரும் ஒருங்கே பாடிய பாட்டு அது. இதனை இன ஒற்றுமையின் சின்னமாகப் போற்றுவதும் மிகையே. பாட்டு எந்த அநீதியையும் தொடவில்லை. சேர்ந்து ஆடியவர்கள் 1977 இலும் 1983 இலும் அயலவனைக் காப்பாற்றினர் என்பதற்கும் உத்தரவாதமில்லை. பெண்ணைக் கேலிப்பொருளாக்கும் போக்கும் இவ்வகைப் பாடல்கள் பலவற்றில் உண்டு. முற்போக்கு விமர்சகர் இவற்றைச் சுட்டியிருப்பின் அது நியாயம். அவர்களோ பாட்டைக் கேளாமலே தீர்ப்பு வழங்கினர்.

பொருளியல் தளத்தை நோக்கினால் விடயம் மேலும் துலங்கும். தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தித் தேசிய இலக்கியத்தை வளர்க்கவேண்டும் என்று குரலெழுப்பியவர்கள் நமது முற்போக்காளரே. 1970–77 காலத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் அளித்த மூச்சுவெளியில், இலங்கை வானொலியின் துணையோடு, இந்தியச் சினிமாவை நம்பாத தமிழ் வெகுசனக் கலையொன்று தோன்றிற்று. அவர்கள் வேண்டிய ‘தேசியம்’ கிற்றாரோடு வந்தபோது அவர்களுக்கு அதனை அடையாளங்காண இயலவில்லை.

1977 இன் திறந்த பொருளாதாரத்தின் பின் இந்திய ஒலிநாடாக்கள் சந்தையை நிறைத்தன. அதே ஆண்டு வெளிவந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜாவின் இசையில் ‘சுராங்கனி’ இடம்பெற்றது. அங்கே அதனைப் பாடியவர் மலேசியா வாசுதேவன். மனோகரன் தமிழகத்திலும் மேடைகளில் பெரும் வரவேற்பைப் பெற்றார் என்பது உண்மை. ‘சிலோன் மனோகர்’ என்று நாட்டின் பெயரையே அடைமொழியாகச் சுமந்தார். ஆனால் திரையுலகம் அவரது குரலைக் காட்டிலும் உடலையே வேண்டிற்று; வில்லனாகவும் வில்லனின் ஆளாகவும் பல படங்களில் தோன்றினார். அவரது பல்துறை ஆற்றல் என்று நாம் பாராட்டுவதில் ஒரு பகுதி, சிறிய சந்தையைக் கொண்ட சமூகத்தின் கலைஞன் பிழைப்புக்காக ஏற்ற வேடங்களே.

பொப் பாடல்களின் இசைத்தட்டுகளும் வானொலிப் பதிவுகளும் எங்கே, யாரிடம் உள்ளன என்பதை முறையாகத் தேடித் தொகுத்தல் வேண்டும். டச்சுபாரில் இன்னும் வயலின் வாசிப்போரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு நமது மாணவர் செல்லவேண்டும். கூத்துக்கு அண்ணாவிமாரைத் தேடிச் சென்ற வழி அங்கிருந்து வெகுதூரமன்று.