தேர் கட்டுகிறார்கள்

பங்குனிக்கு முன்னால் ஒரு நாள் காலை, திருவாரூர் கீழவீதியில் தியாகேசரின் ஆழித்தேரை மூடியிருக்கும் கூண்டைப் பிரிக்கத் தொடங்குவார்கள். அதைத் தண்டோரா போட்டு யாரும் சொல்வதில்லை. ஆனாலும் மதியத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிடும். பால் வாங்கப் போனவர் பார்த்திருப்பார். பள்ளிக்கூட வேனில் போன பிள்ளைகள் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்திருப்பார்கள். "பிரிச்சுட்டாங்க" என்று ஒரு சொல் போதும். எதை என்று யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் தேரடிப் பக்கம் ஏழெட்டுப் பேர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துப் போன வருஷம் இதே இடத்தில் விட்ட பேச்சைத் தொடர்வார்கள். அந்த ஏழெட்டில் நானும் ஒருவன்.

தேர் பார்க்க வருகிறவர்கள் லட்சக்கணக்கில். தேர் கட்டுவதைப் பார்க்க வருகிறவர்கள் ஒரு கைப்பிடி. எங்களுக்குள் ஒரு மெல்லிய கர்வம் உண்டு. கச்சேரிக்குப் போகிறவனுக்கும், வித்துவான் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சாதகம் கேட்டவனுக்கும் இருக்கிற வித்தியாசம் போல. இந்தக் கிறுக்கு எங்களுக்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் 2025 மே மாதம் எபிக் யுனிவர்ஸ் என்ற கேளிக்கைப் பூங்கா திறந்தது. அது எழும்பிய அத்தனை ஆண்டும் ரசிகர்கள் வானிலிருந்து படம் எடுத்து, எந்த இரும்புச் சட்டம் எந்த ராட்டினத்துக்கு என்று துப்பறிந்துகொண்டிருந்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ம தேரடி ஆட்கள்தான், அங்கே போய்ப் பிறந்திருக்கிறார்கள்.

தமிழில் 'கட்டு' என்பது விசித்திரமான வினைச்சொல். வீடு கட்டுகிறோம், அணை கட்டுகிறோம், பூக் கட்டுகிறோம், வைக்கோல் கட்டுகிறோம். கொத்தனார் செய்வதற்கும் பூக்காரம்மா செய்வதற்கும் ஒரே சொல். தேரில் அந்த இரண்டு அர்த்தமும் ஒன்றின் மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. ஆழித்தேரின் உயரம் 96 அடி. கீழே 30 அடி மரம்; அதில் தச்சன் கட்டிய கட்டு. அதற்கு மேல் சீலை போர்த்தும் பகுதி 48 அடி, விமானம் 12 அடி, கலசம் 6 அடி. இந்த 66 அடியும் கயிற்றால் கட்டிய கட்டு. நாம் அண்ணாந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் தேரில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானது ஒவ்வொரு தேரோட்டத்துக்கும் புதிதாக எழும்பி, பின் இறங்கிவிடுவது.

பூரியில் ஜகந்நாதருக்கு மூன்று தேர்களையும் ஆண்டுதோறும் புது மரத்தில் செய்கிறார்கள். அட்சய திருதியை அன்று வேலை தொடங்கி, தெருவிலேயே எல்லார் கண்ணுக்கும் முன்னால் நடக்கிறது. அங்கே சக்கரம்கூடப் புதிது. இங்கே அடி பழையது, முடி புதிது. மரத்துக்கு நினைவிருக்கிறது, மூங்கிலுக்கு இல்லை. அந்தச் சேர்க்கைதான் எனக்குப் பிடித்தது.

இந்த வேடிக்கைக்கு எங்கள் பக்கத்தில் காலமும் தோதாக வாய்த்திருக்கிறது. மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது நெடுநாள் வழக்கம். தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்துவிடும். பங்குனியில் வாய்க்கால் வறண்டு கிடக்கும். அறுத்த தாளடியில் எஞ்சிய ஈரத்தையும் பனியையும் குடித்துக்கொண்டு உளுந்தும் பயறும் தம்பாட்டுக்கு வளர்ந்திருக்கும். நெல்லுக்கு நிற்கிற மாதிரி அதற்கு ஆள் நிற்க வேண்டியதில்லை. கை கொஞ்சம் சும்மா இருக்கிற காலம். தேரடியில் நிற்கும் விவசாயி ஒருவர் முடிச்சைப் பார்க்கும் பார்வையில் நானும் நீங்களும் காணாத ஒன்று இருக்கும். நெற்கட்டு கட்டியவர், போர் போட்டவர். வைக்கோல்போர் கோணினால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கிவிடும் என்று அறிந்த கண் அது. தேரின் மூங்கில் ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அந்தக் கண் முதலில் போய் நிற்கும்.

முதல் சில நாட்களில் பார்க்க ஒன்றுமில்லை என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். மரத்தைத் துடைப்பார்கள், அச்சையும் சக்கரத்தையும் சோதிப்பார்கள். ஆனால் தேரின் கீழ்ப்பகுதியை ஒழிந்த நேரத்தில் பார்க்க வேண்டும் என்றால் அதுதான் சமயம். திருவிழா அன்று வாழைமரமும் தோரணமும் மனிதத் தலைகளும் மறைத்துவிடும். யாளியின் வாய்க்குள் உளி போன பாதை, பூதகணங்களின் தொந்தி, தேவர்களின் நெருக்கடியான வரிசை எல்லாம் இப்போது கைக்கெட்டும் தூரத்தில். தேருக்கு இலுப்பை மரம் உகந்தது என்பது பழைய தச்சு மரபு. எண்ணெய்ப் பிசுக்குள்ள மரம், எளிதில் உளுக்காது. வெயிலில் நின்று தேர்ச் சிற்பத்தைப் பார்க்கும்போது கோயில் கற்சிலையில் கிடைக்காத ஒரு வெதுவெதுப்பு தெரியும்.

பிறகு மூங்கில் வந்து இறங்கும். பனஞ்சப்பையும் கயிறும் வரும். தேரின் நாலு மூலையிலும் ஆட்கள் ஏறுவார்கள். இங்கிருந்து எங்கள் திருவிழா தொடங்குகிறது.

மூங்கில் கூடு எழும்பும் ஒரு பத்துப் பதினைந்து நாள்தான் தேரின் உண்மையான அழகு வெளியே தெரிகிற நாட்கள் என்பேன். சீலை போர்த்திய பிறகு தேர் ஒரு பெரிய பூங்கொத்து. போர்த்துவதற்கு முன் அது ஒரு கணக்கு. மரத்தட்டிலிருந்து மேலே போகப் போக வெளியே விரிந்து, ஓரிடத்தில் விரிந்தது போதும் என்று நின்று, பிறகு விமானத்தை நோக்கிக் குவிகிற அந்தக் கோட்டை வெறும் மூங்கிலில்தான் தெளிவாகப் பார்க்க முடியும். விரிவு மிகுந்தால் தேர் குடை கவிழ்ந்த மாதிரி ஆகிவிடும். குறைந்தால் பெட்டியைத் தூக்கி நிறுத்திய மாதிரி நிற்கும். கட்டுகிறவர்கள் கையில் காகிதம் வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. கீழே ஒருவர் நின்று, கண்ணைச் சுருக்கி, "கொஞ்சம் உள்ள வாங்குப்பா" என்பார். மேலே இருப்பவர் வாங்குவார். "போதும், கட்டு." அவ்வளவுதான்.

இவ்வளவு உயரத்தை ஏன் கயிற்றில் நம்பி விடுகிறார்கள் என்று சிறுவனாக இருந்தபோது பெரியவர் ஒருவரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னைத் தேர்ச்சக்கரத்தின் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "இது ஓடும்போது முட்டுக்கட்டையில ஏறி இறங்குமில்ல, தம்பி. அந்த அடி எங்க போகும்?" என்றார். நான் மேலே பார்த்தேன். அலங்காரத்தோடு 300 டன் கனம். அது முட்டுக்கட்டையில் மோதி நிற்கும் ஒவ்வொரு முறையும் அதிர்ச்சி அடியிலிருந்து முடிவரை ஓடும். ஆணி அடித்த இணைப்பு அந்த அதிர்ச்சியில் தளர்ந்துகொண்டே வரும். கயிற்றுக் கட்டு கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் திரும்பத் தன் இடத்துக்கு வரும். தேர் அசைந்தாடி வருகிறது என்று ரசிக்கிறோமே, அந்த அசைவு முடிச்சுகளுக்குள் முன்கூட்டியே வைக்கப்பட்டது. தியாகேசர் அஜபா நடனம் ஆடுகிறவர். அவர் ஏறுகிற தேரை ஆடத் தெரிந்ததாகக் கட்டியிருக்கிறார்கள்.

இதை உணர்ந்த பிறகு தாராசுரம் போனால் அங்கே உள்ள கல் கோயில் வேறு மாதிரி தெரியும். இரண்டாம் ராசராசன் காலத்தில் முகமண்டபத்தையே தேராக்கி, சக்கரமும் குதிரையும் பூட்டியிருக்கிறார்கள். கும்பகோணம் சாரங்கபாணி கோயில் கருவறையும் அப்படியே. கல்லில் ஓட்டத்தின் பாவனை எல்லாம் இருக்கிறது, குதிரையின் கால்கூடத் தாவுகிறது. முடிச்சு மட்டும் இல்லை. அதனால் தாராசுரத்துத் தேர் எட்டு நூற்றாண்டாக நிற்கிறது; ஆழித்தேர் ஓடுகிறது.

மூங்கில் முடிந்து சீலை ஏறும் நாள் எங்களில் சிலருக்குத் துக்கம், சிலருக்குக் கொண்டாட்டம். நான் இரண்டாம் வகைக்கு மெல்ல மாறிவருகிறேன். காரணம் தொம்பை. துணியை உருளையாகத் தைத்துத் தொங்கவிடும் இந்தத் தொம்பை தஞ்சாவூர்ச் சீமையின் கைவேலை. ஒரு நிறத் துணியின் மேல் இன்னொரு நிறத்தை வெட்டி ஒட்டித் தைத்த ஒட்டுவேலை. மேலே கட்டும் விதானத்துக்கு அஸ்மானகிரி என்று பேர், மராட்டியர் கால வாடை அடிக்கும் சொல். கும்பகோணம் வட்டாரத்தில் கருப்பூர் கலம்காரி என்று வழங்கும் துணி ஓவியமும் கோயில் விதானம், தொம்பை, தேர்ச்சீலை என்றே வளர்ந்த கலை. 2021-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அருகில் வைத்துப் பார்த்தால் அதன் கோடு தடிமனாக, நிறம் கொச்சையாகத் தெரியும். அறுபது அடி உயரத்தில், பங்குனி வெயிலில், அசைவில் பார்க்க வேண்டிய சித்திரம் அது. அதை ஓவியக் கூடத்துச் சுவரில் மாட்டி மதிப்பிடுவது நாகஸ்வரத்தைப் படுக்கையறையில் வாசிக்கச் சொல்வது போன்றது.

தேரடியில் விமரிசனம் கறாரானது. தொம்பைகளின் இடைவெளி சீராக இல்லை என்றால் மறுநாள் காலை அதைப் பற்றித்தான் டீக்கடைப் பேச்சு. குதிரைகளைப் பூட்டியதும் அவற்றின் தலை நிமிர்வைப் பார்ப்பார்கள். சாரதியான பிரம்மா உட்கார்ந்ததும், தேருக்கு முகம் வந்துவிட்டது என்பார்கள். நல்லது என்று சொல்ல மாட்டார்கள். "குறையில்ல" என்பதுதான் இங்கே உச்சபட்சப் பாராட்டு.

இந்தக் கறாருக்குப் பின்னால் பயம் இருக்கிறது. இந்தத் தேர் இல்லாமல் போன காலங்களை ஊர் மறக்கவில்லை. அப்பர் பாடிய ஆழித்தேரின் வழியில் வந்த பழைய தேர் 1920-களில் தீக்கு இரையானது. புதிதாகச் செய்த தேர் 1930-ல் ஓடியது. 1948-க்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. 1970-ல் கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதன்பின்னும் சில ஆண்டு நின்று, புதுப்பிக்கப்பட்டு 2016-ல் வீதிக்கு வந்தது. தஞ்சாவூரில் இதைவிட நீண்ட காத்திருப்பு. பெரிய கோயிலுக்கு ஏறத்தாழ நூறு வருஷம் தேரோட்டமே இல்லை. நாலு ராஜவீதிகளும் இருந்தன, ஓடத்தான் ஒன்றுமில்லை. புதுத்தேர் செய்து 2015 ஏப்ரலில் ஓட்டினார்கள். அந்தத் தேர் உருவானபோது பார்க்க நின்ற தஞ்சாவூர்க்காரர்களில் யாருக்கும் பழைய தேரோடு ஒப்பிட ஒரு ஞாபகம் இல்லை. திருவாரூர்க்காரனுக்கு அது எவ்வளவு பெரிய வறுமை என்று புரியும்.

இன்னொரு பயமும் இருக்கிறது. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசிப் பதினோரு பேர் செத்தார்கள். குழந்தைகளும் அதில் உண்டு. அன்றிலிருந்து எந்த ஊர்த் தேரைக் கட்டுவதைப் பார்த்தாலும் என் கண் முதலில் கலசத்துக்கு மேலே போகிறது. உயரம் என்பது அழகு மட்டுமே என்று நினைத்திருந்த காலம் போய்விட்டது. மூங்கிலைத் தெரிந்த கை மின்கம்பியையும் தெரிந்திருக்க வேண்டும். தேர் போகும் வழியைப் பார்ப்பதும் தேர் கட்டுவதில் ஒரு பகுதிதான்.

திருவாரூரில் பங்குனி ஆயில்யத்தன்று விநாயகர் தேரும் சுப்பிரமணியர் தேரும் முன்னால் போய்விடும். அம்பாளும் சண்டிகேசுவரரும் பின்னால் வருவார்கள். நடுவில் ஆழித்தேர். "ஆரூரா, தியாகேசா" என்று வடம் பிடிக்கிறார்கள். பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் 300 டன்னை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும். தெருமுனையில்தான் வித்தை. இவ்வளவு பெரிய தேருக்குத் திருப்பும் கருவி கிடையாது. சாலையில் இரும்புத் தகட்டைப் போட்டு, கிரீஸைத் தடவி, அதன் மேல் சக்கரம் வழுக்கும்படி விட்டு, முட்டுக்கட்டையால் அணைகொடுத்துத் திருப்புகிறார்கள். கட்டையைப் போட்டவர் சக்கரம் தொடும் நேரத்தில் கையை எடுத்துவிட வேண்டும். அந்த நொடியைக் கீழே உள்ள கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும்.

நான் அப்போது மேலே பார்ப்பேன். கீழவீதியும் தெற்குவீதியும் சந்திக்கிற முனையில் தேர் வழுக்கித் திரும்ப, 48 அடிச் சீலையும் ஒரு பக்கம் சாய்ந்து, அங்கே ஒரு கணம் தயங்கி, திரும்பி வரும். தொம்பைகள் எல்லாம் ஒன்றுபோல் ஆடும். கூட்டத்தில் பெண்கள் "ஐயோ" என்பார்கள். எனக்குப் பயமில்லை. இரண்டாம் தட்டில், தெற்குப் பக்க மூலையில், சிவப்புச் சீலைக்குப் பின்னால் ஒரு முடிச்சு இருக்கிறது. போன மாதம் ஒரு மத்தியானம், காலால் மூங்கிலை அணைத்துக்கொண்டு ஒரு பையன் அதைக் கட்டினான். முதல் தடவை கட்டியது அவனுக்குப் பிடிக்கவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டினான். கீழே யாரும் அவனை அவிழ்க்கச் சொல்லவில்லை.