மூன்று மைக்ரான் எடுத்தான், முழு வானம் கொடுத்தான்

பானெட்டில் விழுந்த சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியிருந்தது. வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத போர்ஷே 911. கறுப்பு நிறம். என் நண்பன் பள்ளிக்கூட நாளில் நோட்டு அட்டையில் படம் ஒட்டி வைத்திருந்த கார் அது. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் பார்க்கும் குடும்பம். தோட்டத்துக்குப் போக ஜீப் இருக்கிறது; இது ஆசைக்கு வாங்கியது. அந்த ஆசையின் மேல் வெயில் பட்டால் ஆயிரம் கீறல் தெரிந்தது. என் கையில் சாவியைக் கொடுத்தபோது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எப்படி வந்தது இந்தக் கதி? ஆனி, ஆடியில் எங்கள் ஊர் போடியில் அடிக்கும் காற்றை அறிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கணவாய் வழியாக இறங்கி ஊரையே புழுதியால் போர்த்திவிடும். வீட்டு டிரைவர் தினமும் காலையில் உலர்ந்த துண்டால் காரைத் துடைத்திருக்கிறார். பாசத்தோடுதான் செய்தார். ஆனால் புழுதி என்பது பொடி மணல்; உலர்ந்த துணியோடு சேர்ந்தால் உப்புத்தாள். போதாக்குறைக்கு, ஓரிடத்தில் பளபளப்பாக்கித் தருகிறோம் என்று சுழல் மிஷினில் கம்பளி பேட் மாட்டி முரட்டுக் காம்பவுண்டைப் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். கார் அசைந்தால் கதவின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல வரிவரியாக ஒரு நிழல் நெளிந்தது. இந்தத் தொழிலில் அதற்கு ஹாலோகிராம் என்று பெயர்.

புதிதாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்றார்கள் சிலர். நான் மறுத்தேன். தொழிற்சாலையில் அடித்து, அடுப்பில் சூடேற்றி இறுக்கிய பெயின்ட்டுக்கு ஈடே கிடையாது. அப்போதுதான் முந்தல் போகும் சாலையில் கார் டீட்டெய்லிங் செய்யும் ஒரு தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அங்கே கழித்த மூன்று நாட்களைப் பற்றி யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது!

பழைய இலவம் பஞ்சுக் குடோன்தான் அவன் பட்டறை. பஞ்சு பறக்காமல் இருக்கக் கட்டிய இடம் என்பதால் காற்று உள்ளே நுழையாது. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கியிருந்தான். முதல் நாள் பாதி, அவன் மிஷினையே தொடவில்லை. நுரை அடித்து ஊறவைத்தான். ஒரு வாளியில் சோப்பு நீர், இன்னொன்றில் கையுறையை அலச வெறும் நீர். பிறகு ஒரு திரவத்தைத் தெளித்தான். கறுப்புக் கார் ஊதா நிறத்தில் அழத் தொடங்கியது. பிரேக்கிலிருந்து பறந்து பெயின்ட்டில் பதிந்த இரும்புத் துகள்கள் அப்படிக் கரைகின்றன.

“பாலிதீன் பைக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்கண்ணே” என்றான். தடவினேன். வெறுங்கைக்கு வழுவழுப்பாக இருந்த இடம், பைக்குள்ளிருந்த விரலுக்கு நறநறவென்றது. களிமண் போன்ற ஒரு பட்டையைச் சோப்பு நீர் தெளித்துத் தேய்த்து அத்தனை துகளையும் எடுத்தான். மறுபடி தடவினேன். கண்ணாடி!

அடுத்து அவன் செய்ததுதான் என்னை அவனுக்கு ரசிகனாக்கியது. பெயின்ட்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவி ஒன்றை எடுத்தான். இப்போதைய தலைமுறை 911-இன் வெளி உடம்பு, முன்பின் பம்பர் பகுதி நீங்கலாக, அலுமினியம். இரும்பை மட்டும் அறியும் கருவி அதில் பேசாது. இவன் வைத்திருந்தது இரண்டையும் படிக்கும். ஒவ்வொரு பகுதியிலும் டேப் ஒட்டி அளவை எழுதிக்கொண்டே போனான். 118, 121, 116.

இந்த எண்களின் அருமை புரிய வேண்டும். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலை பெயின்ட்டின் எல்லா அடுக்கும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் ஏறக்குறைய 40, 50 மைக்ரான். நம் தலைமுடி ஒன்று 70 மைக்ரான் இருக்கும்! முடியைவிட மெல்லிய அந்த ஆடைதான் வெயிலின் புறஊதாக் கதிரிலிருந்து நிறத்தைக் காக்கிறது. கீறல் விழுந்ததும் அதில்தான். கீறலை யாரும் அடைப்பதில்லை. அதைச் சுற்றியுள்ள மேட்டைக் கீறலின் அடிவரை இழைத்துச் சமமாக்குகிறார்கள். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது.

இடது கதவின் ஓரத்தில் கருவி 92 காட்டியது. கம்பளி பேட் தின்ற இடம். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. “இந்த இடத்துல நான் கை வைக்க மாட்டேண்ணே. கீறல் கொஞ்சம் இருந்துட்டுப் போகட்டும். பெயின்ட் இருக்கணும்” என்றான். அவனை அந்த இடத்திலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது.

இரண்டாம் நாள் மிஷின். ஓரங்களில் பெயின்ட் மெலிந்திருக்கும் என்பதால் அங்கெல்லாம் டேப் ஒட்டினான். அவனுடைய பாலிஷர் சுழன்றுகொண்டே ஊசலாடும் வகை. ஒரே இடத்தில் சூடேறாது. பானெட்டின் மூலையில் இரண்டடிக்கு இரண்டடி சதுரம். பேட்டில் பட்டாணி அளவில் நாலு சொட்டு. கிடைமட்டமாக ஒருமுறை, செங்குத்தாக ஒருமுறை, நாற்று நடுகிறவர் நிதானத்தில். முதலில் மென்மையான பேட், போதவில்லை. அடுத்தது, போதவில்லை. மூன்றாவதில் கீறல் போனது. எது குறைவாகத் தேய்த்து வேலையை முடிக்கிறதோ அதுவே அந்தக் காருக்கு மருந்து. அதைக் கண்டுபிடிக்கவே ஒன்றரை மணி நேரம்!

பளபளத்த சதுரத்தைக் கண்டு நான் துள்ளினேன். அவனோ ஆல்கஹால் தெளித்துத் துடைத்தான். காம்பவுண்டில் உள்ள எண்ணெய் கீறலுக்குள் உட்கார்ந்து இல்லாததுபோல் காட்டும். நாலு தடவை கழுவினால் கீறல் திரும்ப வந்துவிடும். “சாயம் ஏத்துன காய் மாதிரிண்ணே. நம்ம ஊருல அது எடுபடுமா?” என்றான். ஏலக்காய் வியாபாரத்தால் வாழும் போடிக்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? ஆல்கஹால் காய்ந்த பிறகும் சதுரம் சுத்தமாகவே இருந்தது.

விளக்கைப் பிடித்து அவன் காட்டிய இன்னொரு அதிசயம்: சிலந்தி வலை என்று நான் நினைத்த வட்டங்கள் வட்டங்களே அல்ல! கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன. ஒளியைச் சுற்றி வளைவாக அமைந்தவை மட்டும் நம் கண்ணுக்கு ஒளியைத் திருப்புகின்றன. அதனால்தான் விளக்கை நகர்த்தினால் வலையும் கூடவே நகர்கிறது. துலக்கிய பித்தளைத் தாம்பாளத்தில் குத்துவிளக்கைச் சுற்றி இதே வலையை அறுபது வருஷமாக என் வீட்டில் பார்க்கிறோம். ஏனென்று தெரிந்தது அன்றைக்குத்தான்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு அவன் அம்மா வந்தார். ஏலக்காய்க் குடோனில் தரம் பிரிக்கிறவர். 8 மி.மீ., 7 மி.மீ. சல்லடை தாண்டி வந்த காயில் நிறம் வெளுத்ததையும் வாய் பிளந்ததையும் நாள் முழுக்கக் கண்ணால் பொறுக்கும் வேலை. தம்பிக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. காரை ஒரு சுற்று சுற்றினார். இடது கதவு ஓரத்தில் நின்றார்.

“இங்க விட்டுட்டியேடா?”

“தெரிஞ்சுதாம்மா விட்டேன். இனி தேய்ச்சா தாங்காது.”

குனிந்து இன்னொரு முறை பார்த்தார். “அப்ப சரி” என்று தூக்கைத் திறந்தார்.

மூன்றாம் நாள் மெல்லிய பாலிஷ், அதன் மேல் செராமிக் கோட்டிங். தண்ணீரும் அழுக்கும் எளிதில் வழிந்தோட அது உதவும். ஆனால் அது கவசம் அல்ல, உலர்ந்த துண்டால் துடைத்தால் மறுபடி கீறும் என்று அவன் மூன்று முறை சொன்னான். கடைசியாகக் கருவியை வைத்தான். 118 இருந்த இடத்தில் 115. மூன்று நாள் உழைப்பில் அவன் எடுத்தது மூன்று மைக்ரான். ஒரு தலைமுடியை இருபது பங்கு போட்டால் ஒரு பங்குகூட இல்லை! அவ்வளவு கொஞ்சம் எடுத்தா இவ்வளவு அழகைத் திருப்பிக் கொடுக்க முடியும்?

மறுநாள் விடியுமுன் நானும் நண்பனும் கிளம்பினோம். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் பானெட்டின் மேல் மலை ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியது. மேகம் கண்ணாடிக்குக் கீழே ஓடியது. நண்பன் பேசவே இல்லை. போடிமெட்டில் நிறுத்தினோம். குளிர். ஏலத்தோட்டத்துக்கு ஆளேற்றிய ஜீப்புகள் வரிசையாகக் கடந்தன. கிழக்கே சமவெளிக்கு மேல் சூரியன் வந்தது. கறுப்பு பானெட்டில் ஒரே ஒரு புள்ளியாக, சுற்றிலும் ஓர் இழைகூட இல்லாமல் நின்றது. இதுதான் அந்தக் காரின் உண்மையான நிறம். அது மேலே பூசி வந்ததல்ல. கீறலுக்கு அடியில் இத்தனை நாளும் காத்திருந்தது.

டீக்கடைப் பெரியவர் பானெட்டில் படிந்த பனியையும் தூசியையும் பார்த்துவிட்டு, தோள் துண்டை உதறிக்கொண்டு அன்போடு வந்தார். நண்பன் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

“வேணாங்கய்யா. தண்ணி ஊத்தாம இதைத் தொடக் கூடாது. வாங்க, உங்களுக்கு இதுல சூரியனைக் காட்டுறேன்.”